முன்கூட்டிய நுழைவு (அமெரிக்கக் காற்பந்து)

முன்கூட்டிய நுழைவு என்பது, அமெரிக்கக் காற்பந்தில் கல்லூரி வீரர் ஒருவர் தமது கல்லூரி ஆட்டக்காலம் முடியுமுன்னரே தேசிய காற்பந்து கூட்டமைப்பின் (என்.எஃப்.எல்) வீரர் தேர்வில் பங்கேற்பதாகும். உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. இதனை எதிர்த்து மொரீஸ் கிளாரெட் தொடுத்த வழக்கு 2004 இல் மேன்முறையீட்டில் தோல்வியுற்றது.

உடனே செல்பவருக்கு ஊதியம் கிடைக்கும், பட்டம் தவறக்கூடும். கல்லூரியில் தொடர்பவர் பட்டம் பெறலாம். எனினும் ஒரு காயமே அவரைத் தேர்வு வரிசையில் பின்தள்ளிவிடக்கூடும்.

எடுத்துக்காட்டுகள்

* மாட் லைனார்ட் - 2004 இல் ஹைஸ்மன் கோப்பை வென்ற பின்னரும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தார். 2006 தேர்வில் 10 ஆவதாகத் தெரிவானார்.
* ஆண்ட்ரூ லக் - 2011 தேர்வில் முதலாவதாகத் தெரிவாவார் என எதிர்பார்க்கப்பட்டும், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து கட்டிட வடிவமைப்பில் பட்டம் பெற்றார். 2012 இல் முதலாவதாகவே தெரிவானார். தொடர் காயங்களால் 2019 இல், 29 ஆவது அகவையில் ஓய்வு பெற்றார்.