எலி மிஷினும் எங்க ஊர் கிட்டிக்காரரும்

போன சித்திரையில மெட்ராஸ்ல இருக்கிற மருமகன் ரெண்டு மிஷின் வாங்கி அனுப்பினார். ஒண்ணு கொல்லையில குத்தி வைக்கிறது. வெயில்ல சார்ஜ் ஆகி, அரை நிமிஷத்துக்கு ஒருதரம் 'ர்ர்ர்'னு மண்ணை அதிர வைக்கும். இன்னொண்ணை விதைநெல் அறையில பிளக்குல மாட்டணும். நம்ம காதுக்குக் கேக்காத சத்தம் போட்டு எலியை விரட்டுமாம். "இனிமே பொறியே வேண்டாம் மாமா"ன்னார். நானும் பொறியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன்.

ஆடிக் கடைசியில மூட்டையைப் பிரிச்சா அடியில பாதி உமி. அப்பா காலத்துலேருந்து வீட்டுலயே எடுத்து வைக்கிற மாப்பிள்ளைச் சம்பா விதை அது. கொல்லையில அந்தக் குச்சிக்கு நாலடி தள்ளிப் புது வளை. மிஷின் பெட்டியில போட்டிருந்த படம் மோல்ங்கிற சீமைப் பிராணி. அது புழு தின்கிறது, நம்ம பக்கம் கிடையவே கிடையாது. இங்கே தோண்டுறது அகழானும் பெருச்சாளியும்.

டெல்டாவுல எலிக்குன்னே ஒரு தொழில் இருந்தது. தஞ்சாவூர் கிட்டின்னு பேரு. மூங்கிலை வில்லா வளைச்சு, கயிறு கட்டி, நடுவுல இரை வைப்பாங்க. எலி இரையை இழுத்ததும் கயிறு கழுத்தை இறுக்கிடும். பயிர் சூல் கட்டுற நேரத்துலதான் எலி தண்டைச் சாய்வா வெட்டும். அதுக்கு முன்னாடியே எங்க கிட்டிக்காரர் சாயங்காலம் வரப்பைச் சுத்தி வருவார். வளைவாய் ஈரத்தைப் பாத்தே உள்ளே எலி இருக்கா இல்லையான்னு சொல்லிடுவார். காலையில அப்பா வாலை எண்ணித்தான் கூலி கொடுப்பார்.

வடக்கே, செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கும் இந்த வித்தை தெரியும். பாம்புத்தோல் வித்துப் பிழைச்சவங்க அவங்க. 1972-ல வனவிலங்குச் சட்டம் வந்தது, 1976-ல தோல் ஏற்றுமதியும் நின்னது. 1978-ல விஷம் எடுக்க ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைஞ்சது. வயல்ல எலி பிடிக்கிறதும் அவங்களுக்குச் சோறு போட்டது. வளையைத் தோண்டினா எலி சேர்த்து வச்ச நெல்லும் அவங்களுக்குத்தான்.

அப்புறம் சிங்க் பாஸ்பைடு வந்தது. பொடியை இரையில கலந்து வச்சா வேலை முடிஞ்சதுன்னு ஆச்சு. கிட்டிக்காரரைக் கூப்பிட ஆள் இல்லை. அவர் மகன் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்.

இந்த மிஷின் கதையும் புதுசில்லை. 2001-லயே அமெரிக்காவுல மத்திய வர்த்தக ஆணையம், இதைச் செய்யற, விக்கிற 60-க்கு மேற்பட்ட கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டு, சொல்றதுக்கு அறிவியல் ஆதாரம் வேணும்னு எச்சரிச்சது. அந்தச் சத்தம் சுவரையும் மூட்டையையும் தாண்டாது. எலிகள் தங்களுக்குள்ளே பேசறதே அந்த மாதிரி சத்தத்துலதான். ரெண்டு நாள் மிரளும், அப்புறம் பழகிடும்.

மருமகன் மேல எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனசோடதான் அனுப்பினார். ஆனா கிட்டிக்காரர் எலியைத் தெரிஞ்சுகிட்டு வேலை செஞ்சார். நான் எலியையும் பாக்காம, மூட்டையையும் பாக்காம பிளக்கை நம்பினேன்.

மிச்ச விதையைத் தகர டிரம்முல போட்டு மூடியாச்சு. வயல்ல ஆந்தை உக்கார நாலு பறவைத் தாங்கி நட்டிருக்கேன். கிட்டிக்காரருக்கு இப்போ கண் சரியா தெரியலை. ஆனாலும் திண்ணையில உக்காந்து மூங்கிலை வளைக்கக் கத்துக் கொடுக்கறார். இதுவரைக்கும் நான் வளைச்சதுல மூணு ஒடிஞ்சுது, ஒண்ணு தேறியிருக்கு.