கணினிக்கு ஓர் ஒற்றையடிப் பாதை

அண்மையில் நம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்தபின் ஒரு தாயார் நம்மிடம் வந்து நின்றார். அவருடைய மகன் நம்மிடம் படித்தவர். இப்போது கோலாலம்பூரில் கணினித் துறையில் வேலை பார்க்கிறார். "வாத்தியாரே, ஜொகூரில் நின்றுபோன இயந்திரத்தை நடுராத்திரியில் வீட்டிலிருந்தபடியே எழுப்பிவிட்டேன் என்று மகன் சொல்கிறான். நின்றுபோன இயந்திரம் எப்படிப் பேச்சைக் கேட்கும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஜொகூரில் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் செம்பனை நின்ற நிலங்களிலே இன்று தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. வங்கிக் கணக்கும் பள்ளிப் பதிவும் கைப்பேசிச் செய்தியும் இத்தகைய கட்டடங்களில் உள்ள சர்வர் என்னும் கணினிகளில் தங்குகின்றன. அவற்றைக் காக்கும் வேலைக்கு நம் பிள்ளைகளும் போகிறார்கள். ஆகவே அந்தத் தாயாரின் கேள்விக்கு விடையாக அமையும் வரலாற்றை இன்று பார்ப்போம்.

அதற்கு முன் நம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்று. நாம் வளர்ந்த தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, லாரி ஓடும் செம்மண் சாலை. நடுவில் ஆற்றுப் பாலம். மற்றொன்று, பால்மரக் காட்டின் பின்புறம் மேடேறிப் போகும் ஒற்றையடிப் பாதை. பாலம் கட்டியபின் அந்தப் பாதையை யாரும் மிதிப்பதில்லை. லாலாங் புல் மண்டிவிட்டது. ஓர் அடைமழை இரவில் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. அதே இரவில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. நான்கு பேர் அவரைப் பாயில் தூக்கிக்கொண்டு, முன்னே ஒருவர் கத்தியால் புல்லை வெட்டிக்கொண்டே போனார்கள். அரை மணியில் கடக்க வேண்டிய வழி, மூன்று மணி நேரம் பிடித்தது. தாய் பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. அதன்பிறகு மாதம் ஒருமுறை லயத்து ஆண்கள் கூடி அந்தப் பாதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள்.

நேயர்களே, இந்தப் பாதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்கும் இப்படி ஒரு பாதை உண்டு.

செய்தியைக் கம்பி வழியே அனுப்பும் கலை தந்தியோடு பிறந்தது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி 1870-71ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. கப்பலில் பல நாள் பயணம் செய்த செய்தி, அதன்பின் கடலுக்கடியில் கம்பியில் ஓடிற்று. அக்காலத்தில்தான் பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ ஒரு முறையைக் கண்டார். 1874இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து குறிகள். ஒவ்வொரு குறியும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற இரண்டில் ஒன்று. ஐந்து குறிகளை மாற்றி மாற்றி அடுக்கினால் 32 வகை அமைப்புகள் கிடைக்கும். ஓர் இயந்திரம் குறிகளை அனுப்ப, மறுமுனை இயந்திரம் தானே எழுத்தாக அச்சிட்டது. கம்பியில் குறிகள் ஓடும் வேகத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரையொட்டி 'பாட்' என்று பெயர் வைத்தார்கள்.

குறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் இந்த முறைக்குத் தொடர்வழி என்று பெயர். பெரட்டுக் களத்தில் எல்லாரும் பக்கம் பக்கமாக நிற்கலாம். ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். வேகம் குறைவுதான். ஆனால் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, பொதுவாக ஒரு கம்பி என மூன்றே கம்பிகள் போதும். கெட்டுப்போகச் சாமான் குறைவு. இந்த எளிமைதான் இதன் பலம்.

இனி, தொலைவிலிருந்த ஒரு கணிப்பொறியோடு மனிதர் பேசிய அந்தப் புகழ்பெற்ற நாளுக்கு வருவோம். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்ற கணித வல்லுநர் இருந்தார். 1937இல் அவர் தொலைபேசி நிலையத்து மின்விசைச் சாவிகள், கைவிளக்குப் பல்புகள், தகரத் துண்டுகள் இவற்றைக் கொண்டு வீட்டுச் சமையலறை மேசையிலேயே ஒரு கூட்டல் கருவி செய்தார். அது வளர்ந்து, நியூயார்க்கில் ஒரு முழுக் கணக்கிடும் பொறியாயிற்று. 1940 செப்டம்பர் 11ஆம் நாள், டார்ட்மத் கல்லூரியில் கணித அறிஞர்கள் கூடியிருந்தனர். பொறியைத் தூக்கிச் செல்ல முடியாது. ஆகவே ஸ்டிபிட்ஸ் தொலையச்சுப் பொறி ஒன்றை மட்டும் அங்கே வைத்துத் தந்திக் கம்பியால் நியூயார்க்கோடு இணைத்தார். இடைப்பட்ட தூரம் 350 கிலோமீட்டருக்கு மேல். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு செல்வதைவிட அதிகம். அறிஞர்கள் கணக்கைத் தட்டினார்கள்; சிறிது நேரத்தில் விடை தானாக அச்சாகி வந்தது. தொலைவில் நிற்கும் பொறியைக் கம்பி வழியே வேலை வாங்கலாம் என்பதைச் சபை கண்ணாரக் கண்டது.

அடுத்த இருபதாண்டுகளில் கணினிகள் பெருகின. ஒவ்வொருவரும் தம் போக்கில் கம்பி பூட்டினால் என்ன ஆகும்? ஒரு கடையில் வாங்கிய குழாய் மற்றொரு கடைத் திருகோடு பொருந்தாத கதைதான். அதனால் 1960இல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் ஆர்.எஸ்.-232 என்ற பொது விதியை வெளியிட்டது. எந்த முனையில் எந்தக் கம்பி, எவ்வளவு மின்னழுத்தம் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. 1963இல் ஆஸ்கி என்னும் எழுத்துக் குறி முறையும், டெலிடைப் 33 என்னும் தொலையச்சுப் பொறியும் வந்தன. அந்தப் பொறி ஒரு நொடிக்குப் பத்து எழுத்துகளைத் தடதடவென்று அச்சிடும். கணினிக்குக் கட்டளை தருவதும் அதன் பதிலைப் படிப்பதும் இதிலேதான். கட்டளையிடும் இந்த இடத்துக்குக் 'கன்சோல்' என்று பெயர்.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதில் கட்டளை வாயிலுக்கு 'டிடிஒய்' என்று பெயர் வைத்தார்கள். டெலிடைப் என்பதன் சுருக்கம். 1978இல் டிஜிட்டல் நிறுவனத்தின் விடி100 திரை வந்தது. காகிதத்துக்குப் பதில் கண்ணாடித் திரையில் எழுத்துகள் ஓடின. தொலையச்சுப் பொறிகள் பொருட்காட்சி சாலைக்குப் போய்விட்டன. ஆனால் இன்றைய லினக்ஸ் சர்வரிலும் கட்டளை வாயிலின் பெயர் டிடிஒய்தான். பாட்டனார் பெயரைப் பேரன் சுமப்பதுபோல அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். சர்வரோடு நாம் வழக்கமாகப் பேசுவது வலையமைப்பு வழியாக; அதுதான் லாரி ஓடும் சாலை. ஆனால் அந்தச் சாலை, சர்வர் முழுவதும் கண்விழித்துத் தன் வலையமைப்பைத் தயார் செய்தபிறகே திறக்கும். பாதி எழுந்து மயங்கி விழுந்த சர்வரிடம் அந்த வழியில் போக முடியாது. தொடர்வழிக் கன்சோலோ, சர்வர் கண்விழிக்கும் முதல் கணத்திலிருந்தே அது சொல்வதைக் கேட்கும். எந்த இடத்தில் இடறியது என்பது எழுத்தாக வந்துவிடும்.

ஆனால் அந்த வழியை முன்கூட்டியே வெட்டி வைத்திருக்க வேண்டும். சர்வர் எழுவது நான்கு படிகளில். முதலில் அடிப்படை நிரல் விழிக்கிறது. அடுத்து, இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரல். மூன்றாவது, இயங்குதளத்தின் கரு. கடைசியில், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நிரல். இந்த நான்கிடமும், "உன் பேச்சைத் தொடர்வழியிலும் சொல்" என்று தனித்தனியே அமைத்து வைக்க வேண்டும். ஒன்றை மறந்தால், அந்தப் படியில் மட்டும் மௌனம்.

அடுத்தது, இருமுனையும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். நொடிக்கு 9,600 குறிகள் என்பது பழைய வழக்கம். ஓர் எழுத்துக்குத் தொடக்கக் குறி, முடிவுக் குறி சேர்த்துப் பத்துக் குறிகள். ஆக நொடிக்கு 960 எழுத்துகள். இன்று பெரும்பாலும் 1,15,200 என்று வைக்கிறார்கள். ஒரு முனை 9,600, மறுமுனை 1,15,200 என்றால், திரையில் பொருளற்ற குறிகள் சிதறும். கம்பியிலும் கவனம் தேவை. ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு நேராக இருக்க வேண்டும் அல்லவா? அதுபோல அனுப்பும் கம்பி மறுமுனையின் பெறும் கம்பியோடு சேர வேண்டும்.

ஆர்.எஸ்.-232 கம்பியின் நீளமோ வழக்கமாகச் சுமார் 15 மீட்டர்தான். நகரத்திலிருந்து பேசுவது எப்படி? முதலில் மோடம் என்னும் கருவியால் தொலைபேசிக் கம்பியோடு இணைத்தார்கள். பிறகு பல சர்வர்களின் தொடர்வழிக் கம்பிகளை ஒரே பெட்டியில் கூட்டி, அந்தப் பெட்டிக்குத் தொலைவிலிருந்து செல்லும் முறை வந்தது. கடவுச்சொல்லை வழியில் பிறர் களவாடாமலிருக்க, பின்லாந்தின் தாத்து இலோனென் 1995இல் எஸ்எஸ்எச் என்ற மறைகுறிப் பாதுகாப்பு முறையை உருவாக்கினார். இன்று பெரும்பாலும் அதன் வழியேதான் நுழைகிறார்கள். 1998இல் இன்டெல் முதலிய நிறுவனங்கள் ஐபிஎம்ஐ என்ற விதியை வெளியிட்டன. அதன்படி, சர்வருக்குள் தனியே ஒரு காவல் சிறுகணினி இருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும், மின்செருகியில் மின்சாரம் இருந்தால் அது விழித்திருக்கும். சர்வரை அணைத்து ஏற்றவும் செய்யும். 2004இல் வந்த இரண்டாம் பதிப்பின்படி, கன்சோல் எழுத்துகளை வலையமைப்பிலே ஏற்றி அனுப்பும் முறையும் விதியாயிற்று. நின்றுபோன இயந்திரத்தை அந்த மகன் எழுப்பியது இத்தகைய வழியாகத்தான்.

இங்கேதான் ஒரு பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. ஒற்றையடிப் பாதையும் அதே ஆற்றுப் பாலத்தின்மேல் போனால் என்ன பயன்?

2021 அக்டோபர் 4ஆம் நாளை நினைவிருக்கிறதா? அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகமெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றன. பராமரிப்பு வேளையில் கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை நிரலிலும் பிழை இருந்தது. அவசரத்துக்கென்று இருந்த தனி வழியும் அன்று கைகொடுக்கவில்லை. கடைசியில் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. பலத்த காவல் ஏற்பாடுகளைத் தாண்டி இயந்திரத்தை அடையவே நேரம் பிடித்தது.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 8ஆம் நாள், கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்தது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலரால் அவசர உதவி எண்ணையும் அழைக்க முடியவில்லை. பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தது என்ன? இயந்திரங்களை நிர்வகிக்கும் வழி, விழுந்துபோன அதே மைய வலையமைப்பையே நம்பியிருந்தது. பழுது பார்க்க வேண்டியவர்களும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். நோயாளிக்கு ஆம்புலன்சு அழைக்க முடியாத வீடுகளை எண்ணிப் பாருங்கள். நம் தோட்டத்து அந்த இரவுதான் நம் நினைவுக்கு வருகிறது.

இந்த வரலாறு சொல்வது ஒன்றே. மீட்பு வழி குறுகலாக இருக்கலாம், மெதுவாகவும் இருக்கலாம். ஆனால் அது தனி வழியாக இருக்க வேண்டும். வேறு கம்பி, முடிந்தால் வேறு நிறுவனத்தின் தொலைபேசி அல்லது கைப்பேசி இணைப்பு, தனி மின்சாரம் இவை வேண்டும். பின்கதவுக்கும் பூட்டு வேண்டும். தொழிற்சாலையில் வைத்துத் தந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுதில்லாத நாளிலும் அவ்வப்போது அந்த வழியாக நுழைந்து பார்க்க வேண்டும். மிதிக்காத பாதையில் புல் முளைக்கும்.

அந்தத் தாயாரிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானால் அவன் செய்வது புல்வெட்டு வேலைதான், வாத்தியாரே" என்றார்.

உண்மைதான். வெள்ளம் வருமுன் செய்யும் வேலை யார் கண்ணிலும் படாது. வந்தபின்தான் அதன் அருமை தெரியும். இத்தகைய வேலைக்குப் போகும் பிள்ளைகள், "இரவில் இயந்திரம் நின்றால் எந்த வழியாகப் போவேன்? அந்த வழியைக் கடைசியாக எப்போது நடந்து பார்த்தேன்?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.