சைட்டோகைன்

நோய் எதிர்ப்புச் செல்கள் முதலியவை ஒன்றுக்கொன்று தகவல் சொல்லச் சுரக்கும் சிறு புரதங்களின் பொதுப்பெயர் சைட்டோகைன். கிரேக்கத்தில் ‘கைட்டோஸ்’ என்றால் உட்குழிந்த கலம். ‘கினெய்ன்’ என்றால் அசைத்தல். செல்லுக்குத் தமிழிலும் ‘கலம்’ என்ற பெயர் வழங்குவது நல்ல பொருத்தம். 1974இல் ஸ்டான்லி கோஹென் இச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். முன்பிருந்த ‘லிம்போகைன்’ லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் சுரப்பவற்றை மட்டுமே சுட்டியது. பிற செல்களும் இவற்றைச் சுரப்பது தெரிந்தபின் அது போதவில்லை.

சைட்டோகைன்கள் நரம்பு மண்டலத்தில் செய்யும் கேட்டுக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கும்பகோணம் வட்டாரத்து மூத்தவர்களுக்கு நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிதான் நினைவுக்கு வரும். குன்னூர் பாஸ்டர் நிலையம் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த செம்பிள் தடுப்பூசி அது. மருந்தோடு ஆட்டின் நரம்புறையான மயலினின் புரதமும் உடலில் ஏறியது. அதனால் வெகுசிலருக்கு எதிர்ப்புச் செல்கள் சொந்த நரம்புறையையே தாக்கின. கால் செயலிழந்தது, சிறுநீர் அடைத்தது. விலங்குகளில் இதே நோயை உண்டாக்கிப் பார்த்தபோது, டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் இன்டர்ஃபெரான்-காமா, இன்டர்லூகின்-17 ஆகிய சைட்டோகைன்களைச் சுரந்து, மூளையின் ரத்தக்குழாய்த் தடுப்பைத் தளர்த்தி, மேலும் செல்களை உள்ளே இழுப்பது தெரிந்தது. 2004 இறுதியோடு இந்தியா இவ்வகை ஊசியைக் கைவிட்டது.

பெயர் ஒன்றானாலும் குணம் ஒன்றல்ல. நரம்புறை இதேபோல் தாக்கப்படும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான்-காமா கொடுத்த 1980களின் சோதனையில் நோய் முற்றியது. இன்டர்ஃபெரான்-பீட்டாவோ 1993இல் அமெரிக்காவில் அதே நோய்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது.