எதை எங்கே வைப்பது?

நாவல் எழுதும்போது எனக்கு இந்தக் கவலை இல்லை. பாத்திரங்கள் நடந்து போகிற வழியிலேயே அத்தியாயங்களும் போய்விடும். நடந்ததை நடந்தபடி எழுத உட்கார்ந்தால்தான் திண்டாட்டம். காலவரிசைப்படி அடுக்கினால் மனிதர்கள் சிதறிப்போகிறார்கள். ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்தால் காலம் சிதறிப்போகிறது.

அப்போதெல்லாம் சீனத்துச் சிமா சியானை நினைத்துக்கொள்வேன். ஹான் வம்சத்து வூ சக்கரவர்த்தியின் அரண்மனையில் வான சாஸ்திரமும் ஏடுகளும் பார்த்துவந்த உத்தியோகஸ்தர். தந்தை தொடங்கிய சரித்திரத்தை முடிப்பதாக அவருடைய மரணப் படுக்கையில் வாக்குக் கொடுத்தவர். கி.மு. 99-இல், பகைவரிடம் சரணடைந்த ஒரு தளபதிக்காகப் பரிந்து பேசினார். சக்கரவர்த்தி சீறினார். மரண தண்டனையிலிருந்து பணம் கட்டி மீளலாம். அவரிடம் பணம் இல்லை. ஆண்மையைப் பறிகொடுத்து உயிர் தப்பினார். அந்த அவமானத்தை விடச் சாவதே மேல் என்று நினைத்த காலம் அது. நூல் முடியவில்லையே என்பதற்காகவே அவர் உயிரோடிருந்தார்.

அந்த நூலில் 130 அத்தியாயங்கள். அரசர் வரலாறு 12. கால அட்டவணை 10. இசை, பஞ்சாங்கம், ஆறுகள் போன்ற விஷயங்கள் 8. பிரபு வம்சங்கள் 30. தனி மனிதர்கள் 70. ஆண்டுக்கும் விஷயத்துக்கும் ஆளுக்கும் தனித்தனியே இடம் கொடுத்துவிட்டார்.

வெறும் ஒழுங்குக்காகவா இத்தனையும்? ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்கிடம் தோற்று மாண்டவன் சியாங் யூ. அவனை அரசர் வரிசையில் வைத்தார். ஒரு நாட்டையும் ஆளாத கன்பூசியஸைப் பிரபு வம்சங்களோடு சேர்த்தார். லியூ பாங் ஒருமுறை எதிரிக்குத் தப்பி ஓடும்போது, பெற்ற பிள்ளைகளையே தேரிலிருந்து கீழே தள்ளினான். தேரோட்டி இறங்கி இறங்கித் தூக்கிக்கொண்டான். இந்தச் செய்தியை லியூ பாங்கின் அத்தியாயத்தில் தேடினால் கிடைக்காது. சியாங் யூவின் அத்தியாயத்தில் இருக்கிறது.

சிமா சியானைத் தண்டித்த சக்கரவர்த்தி லியூ பாங்கின் கொள்ளுப்பேரன் என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. உண்மையை அவர் மறைக்கவுமில்லை, கூவவுமில்லை. தேடிப் படிக்கிறவன் கண்ணில் படும்படி ஓரிடத்தில் வைத்துவிட்டார்.

குறிப்புகளை வரிசைப்படுத்துவது குமாஸ்தா வேலை என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். இப்போது ஒரு தாளை எடுத்து இன்னொன்றின் கீழே வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.