நாரி உளைவும் மானிப்பாய் மருத்துவப் பள்ளியும்

எங்கட நாட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளை உயர்தரம் வரைக்கும் உயிரியலைத் தமிழில்தான் படிக்கிறது. கலம், இழையம், நாடி, நாளம், சதையி, செங்குழியம். சோதனையில் நல்ல புள்ளி எடுத்து மருத்துவபீடத்துக்குப் போனால் முதல் கிழமையே அந்தச் சொல் எல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டிய சாமான்களாகிவிடும். எல்லாம் இங்கிலிஸ். அதையும் இரவு பகலாக இருந்து பாடமாக்கி, ஒருவழியாகப் பிடித்து, பிறகு வாட்டுக்குப் போனால் கட்டிலில் இருக்கிற ஆச்சி "தம்பி, நாரி உளையுது, நெஞ்சுக்க எரியுது, ராவில முட்டு வருது" என்று சொல்லுவா. இப்ப திரும்பவும் தமிழ். அதுவும் பாடப்புத்தகத்துத் தமிழ் இல்லை. உளைவுக்கும் நோவுக்கும் குத்துக்கும் கடுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் நோய் வரலாறு எடுக்க முடியாது. ஆச்சி சொன்னதை இங்கிலிசில் எழுதி, கொன்சல்டன்டுக்கு முன்னால் இங்கிலிசில் ஒப்புவித்து, அவர் சொன்னதைத் திரும்ப ஆச்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளின் கஷ்டம் என்று கதைக்க வெளிக்கிட்டால் நித்திரை இல்லாதது, பகிடிவதை, சோதனை, இன்டர்ன் காலத்து வேலைப்பளு எல்லாம் வரும். அதெல்லாம் உண்மைதான். நான் கலைப்பீடத்து ஆள், வரலாறு படிக்கிறேன். என் கண்ணுக்கு இந்த மொழிப் பிரச்சினைதான் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்றால் இதே பிரச்சினையை யாழ்ப்பாணத்தில் ஒரு மனுசன் நூற்றெழுபது வருசத்துக்கு முதலே எதிர்கொண்டு, அதற்கு ஒரு தீர்வும் கண்டார். அது சரியான தீர்வா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து முடித்து, 1847 இல் அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வரும்போது வயது இருபத்தைந்து. இன்றைய கணக்கில் ஒரு இன்டர்ன் டொக்டரின் வயதுதான். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருசம் மானிப்பாய். 1848 இல் தொடங்கி அங்கே உள்ளூர்ப் பெடியளை எடுத்து மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார்.

அவருக்கு முதல் இங்கே வைத்தியமே இருக்கவில்லை என்று நினைக்கக்கூடாது. மிசன் எழுத்துகள் சில அப்படித்தான் தொனிக்கும். யாழ்ப்பாண அரசர் காலத்து செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்கள் பரம்பரை வைத்தியர்களின் கையில் இருந்தன. தகப்பனிடம் மகன், மாமனிடம் மருமகன் என்று கூட இருந்து பார்த்துப் பழகுகிற படிப்பு அது. மிசன் பக்கத்திலும் கிறீன் முதல் ஆள் இல்லை. ஜோன் ஸ்கடர் 1820 களிலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். ஆனால் வகுப்பு, பாடநூல், பரீட்சை என்று முறையான ஒரு பள்ளியாக அது நின்று பிடித்தது மானிப்பாயில்தான்.

தொடக்கத்தில் கிறீனும் இங்கிலிசில்தான் படிப்பித்தார். வட்டுக்கோட்டை செமினரி 1823 இலிருந்து இங்கிலிசில் உயர் கல்வி கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே படித்த பெடியன் கையில் கிடைத்தால் நேரடியாக மருத்துவத்துக்குள் இறங்கலாம், வசதி. சிக்கல் படித்து முடித்த பிறகுதான் வந்தது. இங்கிலிசும் மருத்துவமும் தெரிந்த ஒரு ஆள் ஏன் மானிப்பாயிலோ சங்கானையிலோ இருக்கப்போகிறான்? கொழும்பில் அரசாங்க வேலை இருக்கு, தோட்டப் பக்கம் வேலை இருக்கு, கடல் தாண்டினால் இந்தியா இருக்கு. ஊருக்கென்று உருவாக்கின வைத்தியர்கள் ஊரை விட்டுப் போனார்கள். செமினரியின் கதையும் இதேதான். அங்கே படித்தவர்கள் உத்தியோகத்துக்கு ஓடுகிறார்கள், சுவிசேசம் சொல்ல ஆளில்லை என்று மிசன் தலைமைக்கு மனக்குறை. 1855 இல் செமினரி மூடப்பட்டது. இனித் தாய்மொழிதான் என்று மிசனின் கொள்கையும் திரும்பியது.

கிறீன் எடுத்த முடிவு, மருத்துவத்தையும் தமிழில் படிப்பிக்கிறது. 1850 களில் அந்த யோசனை வலுத்து, இடையில் அமெரிக்கா போய் 1862 இல் திரும்பி வந்த பிறகு முழுமூச்சாக அதில் இறங்கினார். தமிழில் படித்த வைத்தியன் தமிழ் ஊரிலேயே தங்குவான் என்பதுதான் கணக்கு. தன்னிடம் படிக்கிறவர்கள் உடுப்பிலும் பழக்கவழக்கத்திலும் வெள்ளைக்காரராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை.

படிப்பிக்க வேண்டுமென்றால் புத்தகம் வேண்டும். தமிழில் ஒன்றும் இல்லை. தானே தமிழ் படித்தார், தன் மாணவர்களையே மொழிபெயர்ப்பாளர்களாக்கினார். கட்டரின் உடலியல் நூல் 1850 களிலேயே 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று வந்தது. பேரைச் சொல்லி முடிக்கவே ஒரு மூச்சு வேண்டும்! அங்காதிபாதம் என்றால் உடலமைப்பு, சுகரணம் உடற்றொழில், உற்பாலனம் சுகாதாரம். 1867 இல் சத்திரசிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', 1872 இல் 'வைத்தியாகரம்', 1875 இல் இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்', 1883 இல் 'மனுஷ சுகரணம்'. கிரேயின் புகழ்பெற்ற அனற்றமி நூல்கூட 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். 1873 இல் சுகவீனத்தோடு ஊர் திரும்பின பிறகும் வூஸ்டரில் இருந்துகொண்டு இந்த வேலையைத்தான் செய்தார். 1884 இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்று தன் கல்லறையில் எழுதச் சொல்லியிருந்தார், அப்படியே எழுதியும் இருக்கிறது.

இந்தச் சொற்களை இன்றைக்கு வாசித்தால் சிரிப்பு வரும். பாதி சமஸ்கிருதம். ஆனால் ஒரு விசயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கலைச்சொற்களுக்குப் பின்னால் அரசாங்கத் திணைக்களம், சொல்லாக்கக் குழு, பேராசிரியர்கள் எல்லாம் இருந்தார்கள். மானிப்பாயில் ஒரு அமெரிக்கரும் சில யாழ்ப்பாணத்து இளைஞர்களும் ஒரு விறாந்தையில் இருந்து, எலும்பு எலும்பாக, நரம்பு நரம்பாக, ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடியிருக்கிறார்கள். பகலில் நோயாளி பார்க்கிறவர்களே மற்ற நேரத்தில் மொழிபெயர்த்தார்கள். டான்போர்த், சப்மன் என்று அவர்களின் பெயர்கள் இருக்கும். இவர்கள் யார் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம், எங்கட ஆக்கள்தான். மிசன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரை வைக்கிறது அந்தக் காலத்து வழக்கம். வெள்ளைக்காரப் பெயரைச் சுமந்துகொண்டு தமிழ்ச் சொல் தேடினவர்களைப் பற்றி எங்கட வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு பந்திகூட இல்லை. கிறீனுக்குக் கிடைத்த புகழில் பாதி இவர்களுக்குச் சேரவேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

கிறீன் உருவாக்கின வைத்தியர்கள் அறுபதுக்கு மேல். ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள்.

'தமிழில் மருத்துவம் முடியும் என்று அன்றே நிரூபித்தார்' என்று இதைப் பெருமையாக மட்டும் சொல்லுகிற கட்டுரைகள் கனக்க இருக்கு. எனக்கு அது போதாமல் இருக்கு. கிறீனின் காரணத்தைத் திரும்ப வாசியுங்கள். மாணவன் ஊரை விட்டுப் போகாமல் இருக்கத்தான் தமிழ். அப்படியென்றால் தமிழ் அங்கே கதவு மாதிரியும் வேலை செய்தது, பூட்டு மாதிரியும் வேலை செய்தது. இங்கிலிஸ் தெரியாத ஏழைப் பெடியனுக்கு மருத்துவம் கிடைத்தது. அதே படிப்போடு அவன் வேறெங்கும் போக முடியாதபடியும் ஆனது. நோயாளிக்கு நன்மை, சந்தேகமே இல்லை. மாணவனிடம் யாராவது கேட்டார்களா?

கிறீன் மானிப்பாயில் இருந்த அதே காலத்தில் வன்னியில் ஊர்கள் அழிந்துகொண்டிருந்தன. காய்ச்சல், பறங்கி வியாதி, பட்டினி. சனத்தொகை ஏன் குறைகிறது என்று ஆராய, வடமாகாண அரச வைத்தியராக இருந்த ஜேம்ஸ் லூஸ் என்பவரை ஆளுநர் ஹேர்கியூலிஸ் றொபின்சன் அனுப்பினார். லூஸின் அறிக்கை, உள்ளூர் ஆட்களை வைத்தியர்களாகப் பயிற்ற வேண்டும் என்றது. அதன் விளைவாக 1870 இல் மருத்துவப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. லூஸ்தான் அதன் முதல் அதிபர். எங்கே? கொழும்பில். எந்த மொழியில்? இங்கிலிசில். வன்னிக்கு வைத்தியர் இல்லை என்று தொடங்கின பள்ளி வன்னியிலிருந்து இருநூறு மைல் தள்ளி, வன்னிச் சனத்துக்கு விளங்காத மொழியில். மானிப்பாயில் தமிழில் வகுப்பு நடந்துகொண்டிருந்த அதே வருசம் இது.

கொழும்புப் பள்ளி வளர்ந்தது. 1880 இல் இலங்கை மருத்துவக் கல்லூரி ஆனது. 1880 களின் கடைசியில் அதன் பட்டயத்தை இங்கிலாந்தின் மருத்துவப் பேரவை ஏற்றுக்கொண்டது. அதாவது இங்கே படித்தவர் அங்கே போய்த் தொழில் செய்யலாம். அந்தக் காலத்தில் இது பெரிய கௌரவம், படிப்பின் தரத்துக்குக் கிடைத்த அத்தாட்சி. மானிப்பாய்ச் சான்றிதழுக்கு அப்படி ஒரு வழி இல்லை. கிறீன் போன பிறகு தமிழ் வகுப்புகள் நீண்ட காலம் நிலைக்கவில்லை. கொழும்பில் சட்டப்படியான அங்கீகாரமும் சம்பளமும் காத்திருக்கும்போது, எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை 'வைத்தியாகரம்' படிக்க அனுப்பும்?

அங்கேயே மொழிக் கேள்வி முடிந்துவிட்டது. பிறகு 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தது, பள்ளிக்கூடங்கள் சுயபாசைக்கு மாறின, மருத்துவபீடம் இங்கிலிசிலேயே நின்றது. 1970 களின் தொடக்கத்தில் மொழி வேறொரு வாசலில் வந்து நின்றது. தரப்படுத்தலில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளி, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250. உள்ளே போனால் எல்லாருக்கும் இங்கிலிஸ், உள்ளே போவதற்கு மட்டும் நீ எந்த மொழியில் எழுதினாய் என்று பார்த்தார்கள். இதைப் பற்றி எங்கட ஆக்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

யாழ்ப்பாண மருத்துவபீடம் 1978 இல் வந்தது. மானிப்பாய்க்குப் பிறகு வடக்கில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்க நூறு வருசமளவில் ஆகியிருக்கிறது. அடுத்த முப்பது வருசத்தில் பெரும்பகுதி யுத்தம். 1987 ஒக்டோபரில், தீபாவளி நாளில், இந்திய இராணுவம் யாழ் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டது. அந்த ஆஸ்பத்திரிதான் மாணவர்களின் வகுப்பறையும். இங்கிலாந்தில் உயர்படிப்பு முடித்துவிட்டு, அங்கேயே இருந்திருக்கக்கூடிய ரஜனி திராணகம 1986 இல் திரும்பி வந்து இங்கே உடற்கூற்றியல் துறைத் தலைவராகப் படிப்பித்தார். 1989 செப்டெம்பர் 21, பரீட்சை வேலை முடித்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். விரிவுரையாளர் இல்லை, மின்சாரம் இல்லை, மருந்து இல்லை என்ற காலத்திலும் அந்தப் பீடம் வைத்தியர்களை உருவாக்கி அனுப்பியது. 'போகாமல் இருப்பது' என்று கிறீன் மொழியைப் பூட்டி வாங்க நினைத்ததை, இவர்கள் வெளியே போகத் திறந்த வழி இருந்தும் செய்தார்கள். அந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை.

இப்ப உள்ள நிலைமை எல்லாருக்கும் தெரியும். ஐந்து வருசப் படிப்பு முடிந்த உடனே வேலை இல்லை. இன்டர்ன் நியமனம் வரும் வரைக்கும் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வைத்தியம் பார்க்கவும் முடியாது, வேறு நிரந்தர வேலைக்குப் போகவும் முடியாது. டியூசன் குடுக்கிற ஆக்கள் இருக்கினம். பிறகு ஒரு வருசம் இன்டர்ன்ஷிப், ஆறு மாதம் ஆறு மாதமாக இரண்டு வாட்டு. இரவும் பகலும் ஓன் கோல். அது முடிந்தும் நியமனத்துக்குக் காத்திருப்பு. காத்திருக்கிற நேரத்தில் வெளிநாட்டுச் சோதனைக்குப் படிக்கிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு போனவர்கள் கனபேர். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் விசேட வைத்திய நிபுணர் கிடைக்காமல் நோயாளியை யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்சில் அனுப்புவது வழமையாகிப் போச்சு. லூஸ் அறிக்கை எழுதி நூற்றைம்பது வருசத்துக்கு மேல்.

'இலவசமாப் படிச்சிட்டு ஓடுறாங்கள்' என்று முகப்புத்தகத்தில் திட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்கிறதில்லை. அது கிறீனின் கணக்குத்தான், பாசை மட்டும் வேறு. ஆளைக் கட்டிப் போட்டால் வைத்தியம் கிடைக்கும் என்ற கணக்கு. கட்டிப் போடுவதற்கு முதல் அவனுக்கு நேரத்துக்கு நியமனமும், வாட்டில் வேலை செய்யக்கூடிய அளவு ஆட்களும், இருக்க ஒரு நல்ல குவார்ட்டர்சும் குடுத்துப் பார்க்கலாம். அதை ஒருத்தரும் ஒழுங்காகச் செய்து பார்க்கவில்லை.

மொழி விசயத்தில் மானிப்பாயிடமிருந்து எடுக்கக்கூடியது ஒன்று இருக்கு என்று நினைக்கிறேன், அது தமிழ்மூல மருத்துவப் பட்டம் இல்லை. யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் இப்ப சிங்களப் பிள்ளைகளும் நிறையப் படிக்கிறார்கள். எங்கட பிள்ளைகள் இன்டர்ன் செய்யத் தெற்குக்குப் போகிறார்கள். அங்கே ஆச்சி 'ரிதெனவா' என்றும் 'கெக்குமை' என்றும் சொல்லுவா, இங்கே 'உளையுது' என்று சொல்லுவா. இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள் தங்கட போனில் சொல் சேர்த்து வைத்திருக்கிறார்கள், ஒரு பற்ச் மற்றப் பற்சுக்கு வட்சப்பில் அனுப்புகிறது. செங்கமாரி, சத்தி, தலைச்சுத்து, வயித்தால போறது, முட்டு, நாரிப்பிடிப்பு. கிறீனின் மாணவர்கள் விறாந்தையில் இருந்து செய்த அதே வேலை. இதை யாராவது ஒழுங்காகச் சேர்த்து, சிங்களமும் தமிழுமாக ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து, முதல் நாள் வாட்டுக்குப் போகிற எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கலாம். மருத்துவபீடத்துக்காரருக்கு நேரம் இல்லையென்றால் கலைப்பீடத்தில் நாங்கள் இருக்கிறோம், மொழியியல் துறையும் இருக்கு.