கூரும் துருவும்

சவரக்கத்தியின் சரித்திரத்தைத் துருவின் சரித்திரமாகவும் வாசிக்கலாம். 1740களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மூசையில் உருக்கி வார்த்த எஃகு மிக நுண்ணிய கூரைத் தாங்கியது, ஈரத்தைத் தாங்கவில்லை. துரு முதலில் அரிப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த நுனியைத்தான். ஆகவே சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, துளி எண்ணெய் பூசிய பிறகே பிடிக்குள் மடக்கினார்கள்.

1903இல் ஜில்லெட்டின் பிளேடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதுவும் துருப்பிடிக்கும் கார்பன் எஃகுதான். ஆனால் துருப்பிடித்தால் எறிந்துவிடலாம். குரோமியம் கலந்த துருவேறா எஃகை ஹாரி ப்ரேர்லி அதே ஷெஃபீல்டில் வார்த்தது 1913இல்; அந்த வகை பிளேடுகள் பரவியது 1960களில். துருவுக்கு மாற்று கிடைப்பதற்கு வெகுமுன்பே, துடைத்து வைக்கும் பொறுப்பை மலிவு கைகளிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்டது. இதை விஞ்ஞானத்தின் கணக்கில் எழுதுவது சௌகரியமான பிழை.