மினோ நாட்டுக் கடதாசி



கல்லிலும் செம்பிலும் பொறித்த அரசர் ஆணை நெடுங்காலம் நிலைப்பது வியப்பன்று. எளிய குடிமக்களின் பெயரும் வயதும் எழுதிய கடதாசி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நிலைத்திருப்பதே வியப்பு. யப்பானில், நாரா நகரத்துச் சோசோயின் என்னும் பண்டகசாலையில், கி.பி. 702ஆம் ஆண்டுக் குடிப்பதிவேடுகள் சில இன்றும் உள்ளன. அவற்றுட் சில மினோ நாட்டுக் கடதாசியில் எழுதப்பட்டவை. இடாப்பு எழுதும் தொழிலிலே தலைநரைத்த எனக்கு இச்செய்தி பெரிதாகத் தோன்றுகிறது.

கடதாசிக் கலை சீனத்தில் தோன்றியது. அதனை அறிந்த தொஞ்சோ என்னும் கொரியத் துறவி 610ஆம் ஆண்டில் யப்பானை அடைந்தாரென, 720இல் நிறைவெய்திய 'நிகொன் சொகி' என்னும் வரலாற்று நூல் கூறும்.

முசுக்கட்டை இனத்தைச் சேர்ந்த கோசோச் செடியின் உட்பட்டையே இதற்கு மூலப்பொருள். பட்டையை உரித்து, காரநீரில் அவித்து, தெளிந்த நீரில் அலசி, மாசுகளைக் கையாற் பொறுக்கி, பின்னர் அடித்து நாராக்குவர். வெண்டியினச் செடியொன்றின் வேரிலிருந்து எடுக்கும் வழுவழுப்பான சாற்றை அந்நீரிற் கலப்பர். நார்கள் அடியிற் படியாது சீராய் மிதக்கச் செய்வது அதுவே. வெப்பத்தில் அச்சாறு வலியிழக்கும். ஆதலாற் பனிக்காலமே இத்தொழிலுக்கு உகந்தது. வயல்வேலை இல்லாத உழவர்க்கு அது வருவாயுமாயிற்று.

ஊர்தோறும் முறை வேறுபடும். மினோவில் மூங்கிற்றட்டியை நெடுக்கும் குறுக்குமாக அசைப்பதால் நார்கள் பின்னிக் கொள்கின்றன. தாளைப் பலகையில் ஒட்டி வெயிலில் உலர்த்துவர். சிமானே மாவட்டத்து மிசுமியிற் பட்டையின் பசுந்தோலை முற்றும் நீக்காது விடுவர். தாள் மிக வலிதாகும். ஒசாக்கா வணிகர் அதிற் கணக்கெழுதினர். தீப்பற்றினால் ஏடுகளைக் கிணற்றில் எறிந்து, பின்னர் எடுத்துக் கொள்வராம்.

1870களில் இயந்திர ஆலைகள் வந்தன. மலிவான தாள் பெருகவே, ஊர்த்தொட்டிகள் ஒவ்வொன்றாய் வறண்டன. எனினும், 1966இல் இத்தாலியின் புளோரன்சு நகரை ஆர்னோ ஆற்று வெள்ளம் சூழ்ந்தபோது, நனைந்து சிதைந்த பழநூல்களைச் செப்பனிட இக்கைத்தாளே உதவிற்று.

1969இல் யப்பானிய அரசு மினோ, மிசுமிக் கடதாசிகளையும், 1978இல் சைத்தாமா மாவட்டத்து ஒசொகாவாக் கடதாசியையும் காக்கவேண்டிய பண்பாட்டுச் செல்வங்களாக அறிவித்தது. 2014இல் யுனெஸ்கோத் தாபனம் இம்மூன்றையும் தன் பட்டியலிற் சேர்த்தது.

பட்டியலிற் சேர்ப்பதாற் கலை பிழைத்துவிடுமா? உயர்ந்த மினோத் தாளுக்கு வேண்டிய கோசோ தொலைவிலுள்ள இபராக்கி மாவட்டத்திலிருந்து வருகிறது. அங்கே பயிரிடுவோர் முதியவராயினர். தொட்டியருகே நிற்கும் கைவினைஞரைப் போற்றினாற் போதாது. செடி வளர்ப்பவரும் வாழவேண்டும், தாளை வாங்குவோரும் இருக்கவேண்டும். இவற்றுள் ஒன்று அறுந்தாலும் கலை அறும். அன்று மினோவில் தாள் செய்தவர் எவர் பெயரையும் நாம் அறியோம். அவர்கள் செய்த தாளோ அயலாரின் பெயர்களை இன்றளவும் காத்து நிற்கிறது.